வீட்டுவழி உயிரியல்: ஆறு முதல் எட்டு வரை எந்தப் புத்தகம், அதோடு எதைச் சேர்ப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோர், ஆறாம் வகுப்பு வயது வந்ததும் தடுமாறுவது உயிரியலில்தான். கணக்குக்கு எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பின்னமும் விகிதமும் ஒன்றுபோலத்தான் வரும். உயிரியல் அப்படியில்லை. ஒரு புத்தகத்தில் செல் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிடும். இன்னொன்றில் எட்டு வரை காத்திருக்க வேண்டும். ஒன்றில் இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தும் உயிர்களே மிஞ்சிப் பெருகுவது) தனிப் பகுதியாக இருக்கும். இன்னொன்றில் அந்தப் பேச்சே இருக்காது. பாதியில் புத்தகம் மாற்றினால் ஒரே பாடத்தை இரண்டு முறை படித்துவிட்டு, வேறொன்றைப் படிக்காமலே பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடும்.

எங்கள் பரிந்துரையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வோ திறந்தநிலைப் பள்ளித் தேர்வோ எழுதப்போகிற பிள்ளைக்கு மாநிலப் பாடநூலை முதுகெலும்பாக வையுங்கள். கேள்வி கேட்கும் முறையை மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மரபுவழி, பரிணாமம், செய்முறை மூன்றையும் நீங்களே சேருங்கள். ஐ.ஜி.சி.எஸ்.இ. (கேம்பிரிட்ஜ் நடத்தும் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு) என்று உறுதியாக முடிவு செய்தவர்கள் மட்டும் தொடக்கத்திலிருந்தே கேம்பிரிட்ஜ் வழியில் போகலாம்.

பத்தாம் வகுப்பிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் பள்ளிக் கல்வியைப் பற்றியது. வீட்டுக்கல்வியை அது பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆகவே சான்றிதழ் தேர்வு வழியாகத்தான் கைக்கு வரும்.

மாநில வழியில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு இருக்கிறது. அதற்கு 12½ வயது நிறைந்திருக்க வேண்டும். பிறகு பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25 மதிப்பெண். தனித்தேர்வர் அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்குத் தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கப்படும் பள்ளிக்குப் போய்வர வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். கல்வியாண்டின் தொடக்கத்திலேயே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்கு நேரடியாகப் பதியலாம். ஐந்து பாடங்களில் தேறினால் போதும். அறிவியலை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இந்தச் சலுகையே பிறகு தொல்லையாகவும் முடியும். பதினொன்றில் உயிரியல் படிக்க விருப்பம் வரலாம் என்று தோன்றினால் அறிவியல் பாடத்தை விட்டுவிடாதீர்கள்.

ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனித்தேர்வராக எழுத, ஏற்றுக்கொள்ளும் தேர்வு மையம் கிடைக்க வேண்டும். அது பெரும்பாலும் பெருநகரத்தில்தான் இருக்கும். உயிரியலில் ஆய்வகத் தேர்வுக்குப் பதிலாக ஆறாம் தாள் என்ற எழுத்துத் தாளைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அதில் வரும் கேள்விகள் வெப்பமானி போன்ற கருவிகளின் அளவைப் படிப்பதிலும் வரைபடம் போடுவதிலும் சோதனையின் குறையைக் கண்டுபிடிப்பதிலும் இருக்கும். வீட்டில் கை நனைக்காத பிள்ளைக்கு அந்தத் தாள் எளிதல்ல. கட்டணம், பயணம், தங்கும் செலவு மூன்றையும் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீட் தேர்வை மனத்தில் வைத்து ஆறாம் வகுப்பிலேயே புத்தகம் தேடுகிறவர்கள் உண்டு. நீட்டில் 720 மதிப்பெண்ணில் 360 உயிரியல் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்விகளுக்கு அடிப்படை பதினொன்றும் பன்னிரண்டும். பதினொரு வயதில் வேண்டியது கூர்ந்து பார்க்கும் கண்ணும், பார்த்ததை வரையும் கையும்.

நான்கு வழிகள், நான்கு ஓட்டைகள்

மாநிலப் பாடநூலின் பெரிய பலம், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடம் ஒரே வரிசையில் இருப்பது. இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கலாம், அச்சிட்ட நூலும் விலை குறைவு. 2018 முதல் வந்த பதிப்புகளில் ஆறில் ஏழு, ஏழில் ஐந்து, எட்டில் ஏழு என்று மூன்று ஆண்டுக்கும் சேர்த்து உயிரியல் பாடங்கள் 19. ஆறாம் வகுப்பிலேயே செல்லும் மனித உறுப்பு மண்டலங்களும் வந்துவிடுகின்றன. ஏழில் தாவர இனப்பெருக்கமும் வகைப்பாடும். எட்டில் நுண்ணுயிர்கள், தாவர உலகம், வளரிளம் பருவம், பயிர்ப்பெருக்கம். குறை என்னவென்றால், வரையறைகள் கனமாகவும் காரணங்கள் மெலிதாகவும் இருக்கின்றன. எட்டாம் வகுப்புத் தாவர உலகப் பாடத்தில் பிள்ளை பாசி, பூஞ்சை, பிரையோபைட் (ஈரமான மதில்மேல் மெத்தையாக வளரும் சிறு செடிகள் போன்றவை) என்று பெயர்களை அடுக்கிவிடும். ஈரமில்லாத இடத்தில் பிரையோபைட் ஏன் பெருகாது என்று கேட்டால் முழிக்கும். மரபுவழியும் பரிணாமமும் பத்தாம் வகுப்புவரை வருவதில்லை.

என்.சி.இ.ஆர்.டி.யின் புதிய நூல்கள் ஆறுக்கு 2024இலும், ஏழு, எட்டுக்கு 2025இலும் வந்தன. பாடத்தின் நடுவே நிறுத்தி, ‘இதை எப்படிச் சோதிப்பாய்?’ என்று கேட்கும் விதம் அருமை. ஆனால் தமிழில் இல்லை. செல் எட்டாம் வகுப்பில்தான் வருகிறது. வளரிளம் பருவம் ஏழிலேயே வந்துவிடுகிறது. பத்து பதினொரு வயதில் பருவமெய்தும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது ஏழு கூடத் தாமதம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். 2023இல் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு நூலில் அது தனிப் பாடமாகவே இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் கீழ்நிலைப் பாடத்திட்டம், 7, 8, 9 என்ற மூன்று படிகளில் அடுக்கப்பட்டது. செல், வகைப்பாட்டுத் திறவுகோல் (ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு உயிரை அடையாளம் காணும் முறை), நுண்ணுயிர் ஏழில். மூட்டு, இரத்தம், சுவாசம், சூழல் மண்டலம் எட்டில். ஒளிச்சேர்க்கை, சிறுநீரகம், மரபணு, இயற்கைத் தேர்வு ஒன்பதில். படிப்படியாக ஏறும் வரிசையில் இதற்கு ஈடு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாணவர் நூலும் பயிற்சி நூலும் விலை அதிகம். மூன்று படிகளின் முடிவில் வரும் ‘செக்பாயிண்ட்’ தேர்வைப் பதிவுபெற்ற பள்ளி வழியாகத்தான் எழுத முடியும். முழுக்க ஆங்கிலம் என்பதால், வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளை உயிரியலோடு மொழியையும் சேர்த்துச் சுமக்கும்.

அமெரிக்க வீட்டுக்கல்விப் பொட்டலங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எடுத்துக்காட்டுகள் மேப்பிள் மரமும் ராபின் பறவையுமாக இருக்கும், கப்பல் செலவு தனி. சில நிறுவனங்கள் பரிணாமத்தை எடுத்துவிட்டுப் படைப்புக் கொள்கையை வைத்திருக்கின்றன. பொருளடக்கத்தைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அந்தப் பாணி வேண்டுமென்றால் சிகே-12 என்ற அமெரிக்க அமைப்பு இணையத்தில் தரும் நடுநிலைப்பள்ளி உயிரறிவியல் நூல் இலவசம். கான் அகாடமியின் நடுநிலைப்பள்ளி உயிரியலும் இலவசம். இரண்டையும் துணையாக வைக்கலாம், முதுகெலும்பாக வேண்டாம்.

தமிழில் படிக்கும்போது விழும் மூன்று முடிச்சுகள்

எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தருவதில்லை. நம் பேச்சுத் தமிழில் சில சொற்கள் உயிரியலில் நான்கு திசைக்கு இழுக்கும்.

முதல் சொல் பாசி. ஊருணிப் படிக்கட்டில் வழுக்குவதும் பாசி, தண்ணீருக்குள் கொடியாகக் கிடக்கும் ஹைட்ரில்லாவும் பாசி, மழையில் மதில்மேல் பச்சை மெத்தையாக வருவதும் பாசி. முதலாவது ஆல்கா, இரண்டாவது பூக்கும் தாவரம், மூன்றாவது பிரையோபைட். மூன்றையும் தட்டில் வைத்து, வேர் உண்டா, தண்டு உண்டா, பூ வருமா என்று பார்க்கவைத்தால் எட்டாம் வகுப்புப் பாடத்தில் பாதி முடிந்துவிடும்.

இரண்டாவது பூச்சி. எட்டுக்கால் பூச்சி பூச்சியினம் அல்ல, நாக்குப்பூச்சியும் அல்ல. ‘பல்லில் பூச்சி’ என்று அப்பத்தா சொல்வது பாக்டீரியாவின் வேலை. ஆறு கால், மூன்று உடல்பகுதி என்ற அளவுகோலைக் கையில் கொடுத்து, வீட்டில் பூச்சி என்று அழைக்கப்படும் பத்து உயிர்களைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது சுவாசம். மூச்சு விடுவதும் சுவாசம், செல்லுக்குள் உணவு சிதைந்து ஆற்றல் வெளிவருவதும் சுவாசம். அதனால்தான் ‘செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்’ என்ற தவறு (செடி பகலிலும் சுவாசிக்கும்) பத்தாம் வகுப்புவரை போகிறது. இதைத் தீர்க்க ஒரு சோதனை போதும். வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி இரவு முழுக்க விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர்ப் பாட்டிலில் முளைகட்டிய பச்சைப்பயறு 50 கிராம் போட்டு, அதற்குள் சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்து இறுக மூடுங்கள். இன்னொரு பாட்டிலில் அதே பயறை வேகவைத்து ஆறவைத்துப் போடுங்கள். 12 மணி நேரத்துக்குள் முதல் கிண்ணம் பால்போல ஆகும். உயிருள்ள பயறு சுவாசித்து வெளிவிட்ட கரியமிலவாயுவின் வேலை அது. இரண்டாம் நாள்வரை விட்டால் வெந்த பயறு கெட்டு, அதில் வளரும் நுண்ணுயிர்கள் அந்தக் கிண்ணத்தையும் கலங்கடித்துவிடும். பிள்ளை தவறான முடிவுக்கு வரும். சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறையை மழையோடு ஓட்டுங்கள்

பாடநூல் வரிசை எதுவாக இருந்தாலும் நம் ஊருக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆய்வக நாட்காட்டி. ஜூன் முதல் செப்டம்பர் வரை செல், நுண்ணோக்கி, மனித உடல். ஐப்பசி, கார்த்திகையில் ஊருணியும் தாவரங்களும். தை, மாசியில் பறவையும் சூழலும். வெயில் காலத்தில் வீட்டுக்குள் நுண்ணுயிர், உடல்நலம், வளரிளம் பருவம். வாரம் இரண்டு நாள் 45 நிமிடம் படிப்பு, ஒரு நாள் 90 நிமிடம் செய்முறை. ஆண்டுக்கு 18 செய்முறையைச் சரியாகச் செய்து, படம் வரைந்து, முடிவை எழுதினால் போதும். 36 செய்ய நினைத்து ஆறோடு நின்றுபோவதைவிட இது மேல்.

பணத்தை முதலில் நுண்ணோக்கியில் போடுங்கள். கண்ணருகு வில்லை 10 மடங்கு, பொருளருகு வில்லைகள் 4, 10, 40 மடங்கு, எல்லாம் கண்ணாடியில், பெருந்திருகும் நுண்திருகும் தனித்தனியாக. பெட்டியில் 1200 மடங்கு என்று போட்டிருக்கும் பிளாஸ்டிக் பொம்மைகளில் மங்கல்தான் பெரிதாகும். அது கைக்கெட்டாவிட்டால், ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி சுமார் 140 மடங்கு காட்டும். ஊருணிக் கரைக்கே எடுத்துப் போகலாம். கண்ணாடி வைத்த நுண்ணோக்கி என்றால் முற்றத்து வெளிச்சம் போதும். நேர்வெயிலைக் கண்ணாடியில் பிடிக்கவே கூடாது, கண் போய்விடும்.

வெங்காயத் தோல்: பெரிய வெங்காய இதழின் உட்பக்கத்திலிருந்து 5 மில்லிமீட்டர்ச் சதுரம் உரித்து, ஒரு துளி நீர், ஒரு துளி நீர்த்த அயோடின், இரண்டு நிமிடம். மூடுகண்ணாடியை ஒரு ஓரத்தில் ஊன்றிச் சாய்த்து மெல்ல இறக்குங்கள். அப்படியே போட்டால் காற்றுக் குமிழ் மாட்டும். கறுப்பு விளிம்போடு வட்டமாகத் தெரியும் அந்தக் குமிழைத்தான் பல பிள்ளைகள் செல் என்று வரைகிறார்கள். ஊதாத் தோலை 100 மில்லி நீரில் 5 கிராம் உப்புக் கரைத்த கரைசலில் வைத்துப் பார்த்தால் நிறம் செல்சுவரை விட்டு உள்ளே சுருங்குவது தெரியும். செல்சவ்வு வழியாக நீர் நகரும் சவ்வூடு பரவலுக்கு இதைவிட நல்ல காட்சி கிடையாது.

ஒளிச்சேர்க்கை: செம்பருத்திச் செடியை 48 மணி நேரம் இருட்டில் வைத்து, இலையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, ஆறு மணி நேரம் வெளிச்சம் காட்டுங்கள். இலையைக் கொதிநீரில் இரண்டு நிமிடம், பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிய டம்ளரில். அந்த டம்ளரை அடுப்பில் வைக்கவே கூடாது. அடுப்பை அணைத்து, தீ இல்லாத இடத்தில், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்குங்கள். எரிசாராயம் 78 டிகிரியிலேயே கொதிக்கும், ஆவி தீப்பிடிக்கும். பச்சை வடிந்ததும் கழுவி அயோடின் விடுங்கள். வெளிச்சம் பட்ட பாதி மட்டும் கருநீலமாகும், மாவுச்சத்து இருப்பதற்கு அடையாளம் அது. மா இலை தடிப்பு, நிறம் வடியாது. வெங்காயத் தாளில் மாவுச்சத்து சேராது. சோதனை தோற்றுவிட்டது என்று நினைக்கும் வீடுகளில் தோற்றது இலைத் தேர்வுதான்.

ஊருணித் துளி: ஒரு கைப்பிடி வைக்கோலை அரை லிட்டர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றி, இரண்டு தேக்கரண்டி ஊருணி நீர் சேர்த்து, துணி கட்டி நிழலில் வையுங்கள். மூன்றாம் நாள் மேலே ஆடை படியும், அது பாக்டீரியா. ஐந்து முதல் எட்டாம் நாளில் பாராமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரி ஓடும். பஞ்சு இழை இரண்டு போட்டால் வேகம் குறையும். குழாய்த் தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருந்தால் சரியாக வராமல் போகலாம். மழைநீரோ ஒரு நாள் திறந்துவைத்த நீரோ எடுங்கள். தவளை முட்டையை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், கரையிலேயே வாரம் இருமுறை போய்ப் பாருங்கள். வீட்டில் வளர்க்கக் கறிவேப்பிலைச் செடியில் வரும் புழு இருக்கிறது. முதலில் பறவை எச்சம்போல, பிறகு பச்சையாக மாறும். வலைத்துணி கட்டிய பாட்டில், தினமும் புது இலை, ஏற ஒரு குச்சி. பாட்டிலுக்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துச் செத்துவிடும்.

ஆட்டு இதயம்: கறிக்கடையில் முந்தின நாளே சொல்லி, கீறாமல், மேலே குழாய்களோடு கேளுங்கள், சொல்லாவிட்டால் பிளந்துதான் தருவார்கள். பெருந்தமனிக்குள் தண்ணீர் ஊற்றினால் வால்வு மூடி நிறுத்துவதைப் பார்க்கலாம். பிறகு வெட்டி, இடது கீழறைச் சுவரும் வலதும் எவ்வளவு தடிப்பு என்று அளவுகோல் வைத்து அளக்கட்டும். உடல் முழுக்கத் தள்ளும் அறைக்கும் நுரையீரல்வரை மட்டும் தள்ளும் அறைக்கும் உள்ள வேறுபாடு அந்த எண்ணிலேயே இருக்கிறது. சைவ வீடுகளில் நாடித்துடிப்பை ஓய்வில், இரண்டு நிமிடம் மாடிப்படி ஏறியபின், பிறகு ஒவ்வொரு நிமிடமும் என்று எண்ணி வரைபடம் போடலாம்.

வகைப்பாட்டுத் திறவுகோலுக்கு வேப்பிலை, புளி, பூவரசு, வாழை, சீமைக்கருவேல் ஐந்தும் போதும். ஒரே தகடா, சிற்றிலைகளா? தகடு என்றால் நரம்பு இணையாக ஓடுவது வாழை, வலையாகப் பின்னியது பூவரசு. சிற்றிலை என்றால் விளிம்பில் பல் இருப்பது வேம்பு. பல் இல்லாதவற்றில் இரண்டு முறை பிரிந்தது சீமைக்கருவேல், ஒரு முறை பிரிந்தது புளி. ‘பெரிய இலை, சிறிய இலை’ என்று பிள்ளை எழுதினால் ஏற்காதீர்கள்; எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள்.

இவற்றோடு குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையமும், செட்டிநாட்டில் மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிலையமும் கால்நடைப் பண்ணையும் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் கொடுத்து அனுமதி கேட்டு, பயிர்ப்பெருக்கப் பாடத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

மரபுவழியும் பரிணாமமும்: எட்டாம் வகுப்பின் கடைசி இரண்டு மாதம்

மரபுவழிக்கு நாக்கை மடிப்பது, காது மடல் ஒட்டியிருப்பது என்று எடுத்துக்காட்டுத் தருவது வழக்கம். இவை ஒற்றை மரபணுவால் வருபவை அல்ல. பெற்றோரிடம் இல்லாதது பிள்ளையிடம் இருந்தால் வீட்டில் தேவையில்லாத குழப்பம்தான் மிஞ்சும். மெண்டலின் பட்டாணியே போதும். பெற்றோருக்கு ஒன்றாக இரண்டு நாணயம், தலை நெட்டை, பூ குட்டை, நெட்டை ஓங்கு பண்பு, அதாவது ஒரு தலை விழுந்தாலே செடி நெட்டை. 40 முறை சேர்த்துச் சுண்டினால் மூன்றுக்கு ஒன்று விகிதத்துக்குப் பக்கத்தில் வரும். எட்டு முறையோடு நிறுத்தினால் வராமல் போகலாம். ஏன் என்பதும் பாடம்தான்.

பரிணாமத்துக்கு முதலில் வேட்டங்குடிக்குப் போங்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே 1977 முதல் பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கும் வெடி வைப்பதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரிக்குள், ஒரே இடத்தில் 30 நிமிடம் உட்கார்ந்து, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், கொக்கு மூன்றின் அலகையும் வரைந்து, எது எதைத் தின்கிறது என்று பக்கத்தில் எழுதட்டும்.

பிறகு வீட்டு வாசலில், ஒரு சதுர மீட்டர் செம்மண் தரையில், ஒரே அளவுள்ள சிவப்புத் தட்டைப்பயறு 20, வெள்ளை 20 தூவுங்கள். பிள்ளை திரும்பி நின்று, ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்துக் கண்ணில் முதலில் பட்டதை எடுக்க வேண்டும், மொத்தம் 20. மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒன்று சேர்த்து மறுபடி 40 ஆக்குங்கள். மூன்று தலைமுறை. பெரிய மொச்சையைக் கலக்காதீர்கள். நிறத்துக்குப் பதில் அளவு முடிவு செய்துவிடும். அடுத்து இதையே வெள்ளை வேட்டியின் மேல் செய்து, இரண்டு வரைபடத்தையும் ஒரே தாளில் போடச் சொல்லுங்கள். ‘பயறு நிறம் மாறிக்கொண்டதா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்றுதான் முதலில் பதில் வரும். எண்ணிக்கை அட்டவணையைக் கையில் கொடுத்து, எந்த ஒரு பயறாவது நிறம் மாறியதா என்று அவர்களையே தேடச் சொல்லுங்கள்.